வாசகர் கேள்வி, டொக்டர் பதில்: வாடைக்கால இருமலும் வகுப்பறை மாஸ்கும்

இந்த மாசம் வந்த கேள்வியில பாதிக்கு மேல ஒரே சங்கதிதான். மழை தொடங்கினதும் தொடங்கினது, திருகோணமலை டவுன்ல இருந்து மூதூர் வரைக்கும் பிள்ளையள் எல்லாம் இருமுது, சில பள்ளிக்கூடங்கள் எல்லாரும் மாஸ்க் போட்டுத்தான் வரவேணும் எண்டு வட்ஸ்அப் குரூப்ல மெசேஜ் போட்டிருக்கு, அதோட பெற்றோருக்குள்ள ரெண்டு கட்சி. அதால முகப்பரு, மயிர் கொட்டுறது, முழங்கால் நோவு எல்லாத்தையும் அடுத்த மாசத்துக்குத் தள்ளி வச்சிருக்கிறன், கேட்ட ஆக்கள் கோவிக்க வேணாம்.

கேள்வி: டொக்டர், மகள் தரம் 4 படிக்கிறா. வகுப்பில கனபேருக்குத் தடிமல், காய்ச்சல் எண்டு மாஸ்க் கட்டாயமாக்கிட்டாங்க. இவர் சொல்லுறார், கொரோனா முடிஞ்சு எவ்வளவு காலம், இனி என்ன நாடகம், துணித்துண்டில வைரஸ் நிக்குமோ எண்டு. நான் போட்டுத்தான் அனுப்புறன். ஆர் சொல்லுறது சரி?
(ஒரு அம்மா, உப்புவெளி)

பதில்: புருஷன் பொண்சாதிக்கு நடுவில தீர்ப்புச் சொல்லுற வேலைக்கு நான் வரேல்ல தங்கச்சி, ஆனா ரெண்டு பேர் சொல்லுறதிலயும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கு. அவசரநிலை முடிஞ்சுது எண்டு உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5ந் தேதி அறிவிச்சது உண்மை. ஆனா தடிமலுக்கும் ஃபுளூக்கும் ஆரும் முடிவு தேதி போடேல்ல. எங்கட நாட்டில ஃபுளூ வருசத்தில ரெண்டு தரம் ஏறும், ஒண்டு சித்திரை வருசப்பிறப்பு கழிஞ்சு வாற மாசங்களில, மற்றது நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும். ரெண்டாவது எங்களுக்கு வாடையோடயும் மழையோடயும் சேர்ந்து வாறதால ஜன்னல் எல்லாம் பூட்டின வகுப்பில பிள்ளையள் நெருக்கியடிச்சு இருக்குங்கள், அதுதான் இப்ப நடக்கிறது.

துணித்துண்டில வைரஸ் நிக்குமோ எண்டு கேட்டாரே, வைரஸ் தனிய பறந்து வாறதில்ல. இருமும்போதும் தும்மும்போதும் ஏன் சும்மா கதைக்கும்போதும் கூட எச்சில் துளியா வெளியில வரும், அதுக்குள்ளதான் வைரஸ் இருக்கும். பெரிய துளி ரெண்டு மூண்டு அடி, மிஞ்சினா ஆறடிக்குள்ள கீழ விழுந்துடும், மேசை, கொப்பி, பக்கத்துப் பிள்ளையின்ட முகம் எண்டு. கண்ணுக்குத் தெரியாத சின்னத் துளி விழாம கனநேரம் காத்திலயே நிக்கும். பெரிய துளியை எந்த மாஸ்கும் மறிக்கும். சின்னதை மறிக்கிறது மாஸ்க் என்ன சாமான், முகத்தில எவ்வளவு ஒட்டி இருக்கு எண்டதைப் பொறுத்தது. சர்ஜிக்கல் மாஸ்கின்ட நடுப் படைக்கு ஒரு மின்னேற்றம் இருக்கு, சின்னத் துணிக்கை அதில இழுபட்டு ஒட்டும், ஓட்டை சின்னனா பெரிசா எண்ட கணக்கு மட்டும் இல்ல அது. ஆனா கன்னத்துப் பக்கம் வாய் பிளந்து நிண்டா காத்து அந்த வழியாலதான் போய் வரும், பிறகு நடுப் படையில என்ன இருந்தும் என்ன.

ஆராய்ச்சி என்ன சொல்லுது எண்டால் இங்கதான் ஆக்கள் தங்களுக்கு வேண்டினதை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடுறது. பங்களாதேஷில 600 கிராமங்களில 3 லட்சத்துக்கு மேற்பட்ட பெரியாக்களை வச்சு ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. சர்ஜிக்கல் மாஸ்க் குடுத்த கிராமங்களில அறிகுறியோட வந்த கொரோனா 11 வீதம் குறைஞ்சுது, 60 வயசுக்கு மேற்பட்ட ஆக்களில 35 வீதம். 11 தானே எண்டு சிரிக்கிற ஆக்கள் இன்னொண்டையும் பாக்கோணும், அந்தக் கிராமங்களில ஒழுங்கா மாஸ்க் போட்டது 100 பேருக்கு 42 பேர்தான். பள்ளிக்கூடம் எண்டு பாத்தா, அமெரிக்காவில பொஸ்டன் பக்கம் 2022 பெப்ரவரிக்குப் பிறகு மாஸ்க் சட்டத்தை எடுத்த பள்ளிக்கூடங்களையும் எடுக்காததையும் ஒப்பிட்டாங்க, எடுத்த இடங்களில 15 கிழமையில ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 45 பேர் கூடுதலா தொற்றுப்பட்டிருக்கு. அதே நேரம் ஸ்பெயின்ல கற்றலோனியாவில மாஸ்க் கட்டாயமான 6 வயசுக்காரரையும் கட்டாயமில்லாத 5 வயசுக்காரரையும் பாத்தா பெரிய வித்தியாசம் ஒண்டும் காணேல்ல. 2023ல கொக்ரேன் எண்ட அமைப்பு எல்லாப் பரிசோதனையையும் சேர்த்துப் பாத்து ஒரு அறிக்கை விட்டது, உடன 'மாஸ்க் பிரயோசனமில்லையாம்' எண்டு உலகம் முழுக்கத் தலைப்பு, கடைசியில கொக்ரேன்ட தலைமை ஆசிரியரே நாங்க அப்படிச் சொல்லேல்ல, முடிவெடுக்கப் போதுமான சான்று இல்ல எண்டுதான் சொன்னம் எண்டு விளக்கம் குடுக்கவேண்டி வந்தது.

என்ட அபிப்பிராயத்தைக் கேட்டா, இருமுற பிள்ளை போட்டா பலன் கூட, ஏனெண்டா துளி வெளிக்கிடுற இடத்திலயே மறிபடுது. இருமாத பிள்ளை போட்டா கொஞ்சப் பலன். வகுப்பில பாதி இருமுற ரெண்டு மூண்டு கிழமைக்கு எல்லாரும் போடுறதில நியாயம் இருக்கு. வருசம் முழுக்கக் கட்டாயம் எண்டால் நான் உங்கட புருஷன்ட பக்கம். அவரிட்ட முழுசாச் சொல்லுங்க, கடைசி வசனத்தை மட்டும் வெட்டிச் சொல்லிடாதேங்க.

கேள்வி: பேரனுக்கு 5 வயசு, பாலர் பாடசாலை. மாஸ்க் போட்டா ஒட்சிசன் குறைஞ்சு, விட்ட மூச்சையே திரும்ப எடுத்து மயங்கி விழும் எண்டு ஃபேஸ்புக்ல வீடியோ வந்தது. உண்மையா?
(ஒரு தாத்தா, பாலையூற்று)

பதில்: ஐயா, ஒட்சிசனும் காபனீரொட்சைட்டும் மாஸ்குக்குள்ளால தாராளமாப் போய் வரும், எச்சில் துளியோட ஒப்பிட்டா அதுகள் ஒண்டுமில்லாத சைஸ். ஒப்பரேஷன் செய்யிற டொக்டர்மார் மணித்தியாலக் கணக்கில போட்டுக்கொண்டு நிக்கினம், ஆரும் நோயாளிக்கு மேல விழுந்ததாத் தெரியேல்ல. ஆனா உங்கட பேரனுக்கு வேற காரணத்துக்காக வேணாம் எண்டுதான் சொல்லுவன். 5 வயசுக்கும் அதுக்குக் கீழயும் கட்டாயப்படுத்த வேணாம் எண்டு உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 2020 ஓகஸ்ட்லயே சொல்லிட்டுதுகள், 6ல இருந்து 11 வரைக்கும் நிலைமையைப் பாத்து, 12க்கு மேல பெரியாக்களுக்குப் போல. சின்னப் பிள்ளையள் அதை இழுத்துக் கடிச்சு பக்கத்துப் பிள்ளையோட மாத்திப் போட்டு விளையாடுங்கள், அதோட டீச்சரின்ட வாயைப் பாத்துத்தானே கதை பழகிறதுகள். 2 வயசுக்குக் கீழ எண்டால் தானாக் கழட்டத் தெரியாது, மூச்சு அடைக்கலாம், போடவே கூடாது.

இழுப்பு (ஆஸ்துமா) இருக்கிற பிள்ளைக்கு வைத்தியம் பாக்கிற டொக்டரிட்டக் கேட்டு முடிவெடுங்க. ஓடி விளையாடுற நேரம் ஆருக்கும் மாஸ்க் வேணாம்.

கேள்வி: நான் ஆசிரியை. வகுப்பில 40 பிள்ளையளுக்கு மேல. மழைச் சாரல் அடிக்குது எண்டு ஜன்னலைப் பூட்டினா புழுக்கம், திறந்தா கொப்பி நனையுது. மாஸ்க் போடச் சொன்னா இடைவேளைக்குப் பிறகு பாதிப் பேரின்ட மாஸ்க் நாடியிலதான் இருக்கு. நாங்க என்னதான் செய்யிறது?
(மூதூர்)

பதில்: டீச்சர், வந்த கேள்வியளுக்குள்ள எனக்குப் பிடிச்சது இதுதான், ஏனெண்டா எல்லாரும் மாஸ்க் மாஸ்க் எண்டு கத்த நீங்க ஒராள்தான் ஜன்னலைப் பற்றிக் கேட்டிருக்கிறீங்க.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டில சாம்பிராணி போடுறதை யோசிச்சுப் பாருங்க, கதவு ஜன்னல் பூட்டியிருந்தா சாமியறையில போட்ட புகை குசினி வரைக்கும் வந்து கனநேரம் நிக்கும், ரெண்டு பக்கமும் திறந்துவிட்டா கொஞ்ச நேரத்தில வாசம்தான் மிச்சம். வகுப்பறைக் காத்தில நிக்கிற சின்னத் துளியும் இப்படித்தான். சின்னமுத்து (மீசில்ஸ்) வைரஸ் எண்டால், அந்தப் பிள்ளை எழும்பி வீட்ட போன பிறகும் 2 மணித்தியாலம் வரைக்கும் அந்த அறைக் காத்தில இருந்து தொற்றும். பூட்டின வகுப்பில பின்வாங்கில இருக்கிற பிள்ளை தூரம்தானே எண்டு நினைக்க ஏலாது.

ஆனபடியால் ஒரு பக்கம் மட்டும் திறந்து பிரயோசனமில்ல, எதிரெதிர் ரெண்டு பக்கமும் திறந்தாத்தான் காத்து உள்ளுக்க வந்து வெளியில போகும். சாரல் அடிக்கிற பக்கத்தைப் பூட்டுங்க, விறாந்தைப் பக்கத்து ஜன்னலையும் கதவையும் முழுக்கத் திறந்து விடுங்க, சாரல் பக்கம் மேல காத்தோட்டைக் கல் இருந்தா அதை மட்டையால அடைச்சு வைக்காதேங்க (அடைச்சிருப்பாங்க, புறா வருது எண்டு). மழை விட்ட கையோட எல்லாத்தையும் திறவுங்க. இடைவேளைக்குப் பிள்ளையளை வெளியில கலைச்சுப்போட்டு அந்த நேரம் அறையைக் காலியா, திறந்தபடி விடுங்க. ஃபேன் மட்டும் சுத்தினா உள்ளுக்க இருக்கிற காத்தையே கிண்டுது, ஜன்னல் திறந்திருந்தாத்தான் அதுக்கு அர்த்தம். பழைய காலத்துப் பள்ளிக்கூடங்களில அரைச்சுவரும் மேல கம்பிவலையும் வச்சுக் கட்டினவங்க, மழைக்கு நனைஞ்சாலும் நோய்க்கு அது எவ்வளவு நல்லது எண்டு இப்பதான் விளங்குது, நாங்க என்னண்டா அதை இடிச்சுப்போட்டுக் கண்ணாடி ஜன்னலும் ஏசியும் பூட்டித் திறப்புவிழா வைக்கிறம். சாதாரண ஏசி வெளிக்காத்தை உள்ளுக்க எடுக்காது, இருந்த காத்தையே குளிராக்கித் திருப்பித் தரும்.

இத்தாலியில மார்க்கே எண்ட மாகாணத்தில 10,000க்கு மேற்பட்ட வகுப்பறைகளைப் பாத்தாங்க, காத்து மாத்துற மெசின் பூட்டின வகுப்புகளில கொரோனா தொற்று 74 வீதம் அளவுக்குக் குறைவு. எங்களுக்கு அந்த மெசின் வாங்கக் காசில்ல, ஆனா கடல்காத்து சும்மா கிடைக்குது. திருகோணமலையில மூண்டு பக்கமும் கடலை வச்சுக்கொண்டு காத்தில்லாத வகுப்பில பிள்ளையளை இருத்தி வைக்கிறம் எண்டால் என்னத்தைச் சொல்ல.

இன்னொண்டு, எல்லாரும் சேர்ந்து உரக்க வாய்ப்பாடு சொல்லுறது, பாட்டுப் பாடுறது, கத்திக் கதைக்கிறது எல்லாம் சாதாரணமா மூச்சு விடுறதை விடக் கனக்கத் துளியை வெளியில தள்ளும். காலைக் கூட்டம் மைதானத்தில நடந்தாப் பிரச்சினை இல்ல. கலைவிழாப் பாட்டுப் பழகிறதை இந்தக் கிழமைகளில மரத்துக்குக் கீழயோ விறாந்தையிலயோ வைக்கப் பாருங்க. நாடியில தொங்குற மாஸ்கைப் பற்றி ரொம்பக் கத்தாதேங்க, இருமுற நாலைஞ்சு பேரைக் கூப்பிட்டு அவங்களை மட்டும் ஒழுங்காப் போடவச்சு ஜன்னல் பக்கம் இருத்தினாலே பெரிய வேலை.

டியூசன் கொட்டில் நடத்துறவங்களும் இதை வாசிப்பீங்க எண்டு நினைக்கிறன். தகரக் கூரைக்குக் கீழ 100 பேர், கதவில திரைச்சீலை. நான் வேற சொல்ல வேணுமா?

கேள்வி: எங்கட மகனுக்கு ஒரு நாள்கூட லீவு எடுக்காததுக்கு ரெண்டு வருசமாப் பரிசு. போன கிழமை காய்ச்சல், பனடோல் குடுத்து அனுப்பினேன், பகல் டீச்சர் கோல் எடுத்துக் கூட்டிப்போகச் சொல்லிட்டா. அவனுக்குப் பரிசு போயிடுமே எண்டு ஒரே அழுகை. எத்தனை நாள் வீட்டில வச்சிருக்கணும்?
(ஒரு உம்மா, கிண்ணியா)

பதில்: உம்மா, உங்களில எனக்குக் கோவமில்ல, அந்தப் பரிசில கோவம். காய்ச்சல் பிள்ளை வகுப்புக்கு வாறதுக்கு ஒரு கப் வாங்கிக் குடுத்து மேடையேத்திக் கை தட்டுறம், பிறகு எல்லாப் பிள்ளைக்கும் மாஸ்க் கட்டாயம் எண்டு சட்டம் போடுறம். நோய்க்காக நிண்ட நாளைக் கணக்கில எடுக்கமாட்டம் எண்டு பள்ளிக்கூடங்கள் ஒரு வரி எழுதினாலே காணும். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில இதை ஒருக்கா எழுப்புங்க, நீங்க எழுப்பினா இன்னும் பத்து உம்மாமார் பின்னால வருவாங்க.

கணக்கு இப்படி: ஃபுளூக்காரப் பிள்ளை காய்ச்சல் தொடங்கிறதுக்கு ஒரு நாள் முன்னமே மற்றவங்களுக்குக் குடுக்கத் தொடங்கிடும், அதுக்குப் பிறகு 5ல இருந்து 7 நாள் வரைக்கும் குடுக்கும், சின்னப் பிள்ளையள் இன்னும் கொஞ்சம் கூட. முதல் மூண்டு நாலு நாள்தான் மோசம். ஆகவே பனடோல் இல்லாமலே 24 மணித்தியாலம் காய்ச்சல் வராம இருந்தா, சாப்பிட்டு விளையாடித் திரிஞ்சா அனுப்பலாம். மிச்ச இருமலுக்கு அந்தக் கிழமை மாஸ்க் போடட்டும், மாஸ்கால உண்மையான பிரயோசனம் வாற இடம் இது. பனடோல் குடுத்து அனுப்பினா காய்ச்சல்தான் ஒளிக்கும், வைரஸ் ஒளிக்காது.

இதை விட முக்கியமா ஒண்டு. இந்த மழைக்காலம் எங்கட மாவட்டத்தில டெங்குக் காலமும். தடிமல் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்காதேங்க, காய்ச்சல் மூண்டாம் நாளும் நிண்டா இரத்தம் சோதிச்சுப் பாக்கணும், அதுக்கு முன்னமே சத்தி, வயித்து நோ, சோர்ந்து படுக்கிறது இருந்தா அண்டைக்கே ஆஸ்பத்திரி. புரூஃபன் மாதிரி குளிசை, அஸ்பிரின் ஒண்டும் பாமசியில வாங்கிக் குடுக்கவேணாம், பனடோல் மட்டும், அதுவும் நிறைக்கேத்த அளவு. 1ல இருந்து 5 வயசுக்குள்ள பிள்ளை நிமிசத்துக்கு 40 தரத்துக்கு மேல மூச்சு விட்டா, நெஞ்சு உள்ளுக்க இழுபட்டா, தண்ணி குடிக்க ஏலாமப் போனா விடியட்டும் எண்டு பாக்காம ஓட்டோவைப் பிடிங்க.

கேள்வி: நான் ஏஎல் படிக்கிறேன். அம்மம்மாவுக்கு டயலிசிஸ் நடக்குது, அதால நான் மட்டும் வகுப்பில மாஸ்க் போடுறன். 'கொரோனா' எண்டு பட்டம் வச்சுக் கூப்பிடுறாங்க. கழட்டிடலாமா எண்டு இருக்கு.
(மாணவி, திருகோணமலை)

பதில்: கழட்டாதேங்க மகள். 1910 கடைசியில மஞ்சூரியாவில நுரையீரல் பிளேக் வந்து ஏறத்தாழ 60,000 பேர் செத்தாங்க. அங்க போன டொக்டர் வூ லியென்-தே, பினாங்ல பிறந்த மனிசன், இது மூச்சுக்காத்தால பரவுது எண்டு கண்டுபிடிச்சு பஞ்சும் துணியும் வச்சு மாஸ்க் கட்டச் சொன்னார். அவரை விட மூத்த பிரெஞ்சு டொக்டர் மெஸ்னி எண்டவர், நீர் எனக்குச் சொல்லுறீரோ எண்டு ஏசிப்போட்டு மாஸ்க் இல்லாமலே நோயாளியளைப் பாக்கப் போனார். கொஞ்ச நாளில அதே பிளேக்கில செத்துப்போனார். பட்டம் வைக்கிற ஆக்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்க, கேக்காட்டி விடுங்க.

உங்களுக்கு சர்ஜிக்கலை விட என்-95 வகை நல்லம், முகத்தில இறுக்கமா நிக்கும். வீட்டில ஆருக்கும் தடிமல் வந்தா அம்மம்மாவின்ட அறைக்குள்ள போற நேரம் அவங்களும் போடட்டும், நீங்க ஒராள் போட்டுக் காணாது.

கேள்வி: நீல மாஸ்கை சன்லைட் சவக்காரம் போட்டுக் கழுவிக் கொடியில காயப்போட்டு எத்தனை நாள் பாவிக்கலாம்? மூண்டு பிள்ளையள், ஒவ்வொரு நாளும் புதுசு வாங்கக் கட்டுபடியாகாது.
(கடற்தொழில் செய்யும் அப்பா, சல்லி)

பதில்: கழுவக்கூடாது அண்ணை. சவக்காரம் பட்டா அந்த நடுப் படை மின்னேற்றம் போயிடும், பிறகு பாக்க மாஸ்க் மாதிரி இருக்கும், வேலை செய்யாது. நனைஞ்சாலும் வேர்வையில ஊறினாலும் எறியவேண்டியதுதான். கட்டுபடியாகாட்டி நெருக்கமா நெய்த பருத்தித் துணியில ரெண்டு மூண்டு படையா வீட்டிலயே தைச்சுக் குடுங்க, சர்ஜிக்கல் அளவுக்கு வராது, ஆனா தினமும் கழுவி வெயிலில காயப்போடலாம். மூண்டு பேரில ஆர் இருமுறாரோ அவருக்கு மட்டும் சர்ஜிக்கல் மாஸ்க் வாங்குங்க, மிச்சக் காசு மிச்சம். கம்பி உள்ள பக்கம் மூக்குக்கு மேல, நீலம் வெளியில. கச்சான் காத்து அடிக்கிற ஆனி ஆடி வெக்கையில பிள்ளையள் அரை நாளுக்கு மேல தாங்காதுகள், அப்ப ரெண்டு குடுத்துவிடவேண்டி வரும்.

கேள்வி: 2022 டிசம்பர்ல காத்து மாசு எண்டு பள்ளிக்கூடம் பூட்டினாங்களே, அதுக்கும் இதே மாஸ்க் போதுமா?
(நிலாவெளி)

பதில்: போதாது. மாண்டஸ் புயல் நேரம் இந்தியப் பக்கத்துத் தூசிக்காத்தும் இங்க வந்து டிசம்பர் 9ந் தேதி பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டது, கிழக்கில மாடுகள் கூடக் குளிரில செத்தது ஞாபகம் இருக்கும். அந்த நுண்தூசிக்கு என்-95 வேணும், சர்ஜிக்கல் மாஸ்கில பக்கத்தால உள்ளுக்க வந்துடும். அப்படி நாளில மட்டும் ஜன்னலைப் பூட்டுறது சரி.

கேள்வி: எங்கட ஓட்டோக்கார அண்ணை ஒரு மாசமா இருமுறார், பிள்ளையளை ஏத்திக்கொண்டு போறார். மாஸ்க் போடுறார்தான். பயமா இருக்கு.
(அன்புவழிபுரம்)

பதில்: 2 கிழமைக்கு மேல இருமல் நிண்டா சளி சோதிக்கவேணும், காசநோயா எண்டு. செஸ்ட் கிளினிக்ல இலவசம், மருந்தும் இலவசம், 6 மாசம் ஒழுங்கா எடுத்தா முழுக்க மாறும், மருந்து தொடங்கி ரெண்டு மூண்டு கிழமையில மற்றவங்களுக்குப் பரவுறதும் பெரும்பாலும் நிண்டுடும். வேற காரணமாயும் இருக்கலாம், சிகரெட், இழுப்பு, பிரசர் குளிசை. அவரை ஓட்டோவில இருந்து நிப்பாட்டி ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரியாம ஒராள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்க. அதுவரைக்கும் பக்கத்துச் சீலையைச் சுருட்டி மேல கட்டிவிடச் சொல்லுங்க.

கேள்வி: கொத்தமல்லி அவிச்சுக் குடுத்தா, வேது பிடிச்சா தடிமல் தொற்றாதா? இல்லாட்டி ஊசி ஏதும் இருக்கா?
(பலர்)

பதில்: கொத்தமல்லித் தண்ணி தொண்டைக்கு இதம், நானும் குடிக்கிறனான், தொற்றை மறிக்காது. வேது சின்னப் பிள்ளையளுக்கு வேணாம், சுடுதண்ணி ஊத்துப்பட்டு எரிஞ்சு வாற பிள்ளையள்தான் கூட. பாமசியில கேட்டு அன்டிபயோட்டிக் வாங்கவும் வேணாம், வைரஸுக்கு அது கேக்காது.

ஃபுளூ ஊசி எங்கட அரச தடுப்பூசி அட்டவணையில இல்ல, தனியாரில காசுக்குப் போடலாம், வருசா வருசம் போடவேணும். இழுப்பு, இருதய வருத்தம், நீரழிவு உள்ள ஆக்களுக்கும் வயசான ஆக்களுக்கும் நான் போடச் சொல்லுறனான். இலவசமா இருக்கிறதை முதல்ல பாருங்க. 2019ல சின்னமுத்து இல்லாத நாடு எண்டு எங்களுக்குச் சான்றிதழ் கிடைச்சுது, 2023ல திரும்ப வந்துட்டுது. 9 மாசத்திலயும் 3 வயசிலயும் சின்னமுத்துக்குப் போடுற எம்எம்ஆர் ஊசி ரெண்டும் விழுந்திருக்கா எண்டு பிள்ளையின்ட கிளினிக் கார்டை எடுத்துப் பாருங்க. ஒண்டு விடுபட்டிருந்தா எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிசுக்குக் கொண்டு போங்க, கார்ட் துலைஞ்சிருந்தாலும் போங்க, ஏசினாலும் போடுவாங்க.